ஐந்து பேர், ஒரு டபுள் கெப், ஒரு கூரைக் கூடாரம்: கல்லடிக் குடும்பம் ஒன்றின் தெரிவு

ஓகஸ்ட் விடுமுறையில் வண்டியோடு நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்ட மட்டக்களப்புக் கல்லடிக் குடும்பம் ஒன்று, வண்டியின் மேல் விரித்துப் படுக்கும் கூடாரத்தைத் தெரிவு செய்த விதத்தை இங்கே முழுமையாகப் பார்ப்போம். அப்பா, அம்மா, பத்து வயது மகள், ஐந்து வயது மகன், அம்மம்மா என்று ஐந்து பேர். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். திருகோணமலை, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கண்டி, நுவரெலியா, எல்ல, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று போய்த் திரும்பினால் பெருவீதிக் கணக்கில் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர். பாணமை, ஒக்கந்தை போன்ற கிளைப் பாதைகள் இதற்கு மேல்.

முதலில் அவர்கள் மனதில் இருந்தது வேறு. அலுமினியக் கடின மூடி போட்ட, ஒரு நிமிடத்தில் விரியும் கூடாரத்தை கெப்பின் கூரையில் ஏற்றி ஐந்து பேரும் மேலே படுப்பது. கடைசியில் வாங்கியது 160 செ.மீ. அகலமான மடிப்புக் கன்வஸ் கூடாரம்: இரண்டாக மடிந்த தளத்தை விரித்தால் பாதி வண்டிக்கு வெளியே நீண்டு ஏணியில் நிற்கும். அதைப் பூட்டியது கூரையில் அல்ல, பின்பெட்டிக்கு மேல் அடித்த இரும்பு ரேக்கில். படுப்பது மேலே மூன்று பேர், கீழே இரண்டு பேர். கூடாரத்தின் விளம்பரத்தில் இருந்து தொடங்காமல், வண்டி எதைத் தாங்கும், வீட்டில் யார் ஏணி ஏறுவார் என்ற இரண்டு கேள்விகளில் இருந்து தொடங்கியதால்தான் முடிவு இப்படி மாறியது. நீண்ட பயணத்துக்குக் கூடாரம் வாங்குகிற எந்தக் குடும்பமும் இந்த இரண்டையும்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். டிசம்பர் விடுமுறை நீளமானதுதான். ஆனால் கிழக்கில் மாரி மழையின் பெரும்பங்கு நவம்பரில் இருந்து ஜனவரிக்குள் கொட்டும். அந்த நேரம் மட்டக்களப்பை விட்டு வெளியேறும் வீதிகளே வெள்ளத்தில் மறிபடலாம். ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்றும் வெக்கையும். மன்னார், புத்தளம் பக்கம் தென்மேல் காற்று பலமாக அடிக்கும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தூறலும் குளிரும். ஆக ஒரே கூடாரம் வெக்கை, காற்று, ஈரக்குளிர் மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

கூரை எவ்வளவு தாங்கும்

கூரைச் சுமைக்கு இரண்டு கணக்கு உண்டு. வண்டி ஓடும்போது தாங்கும் எடை ஒன்று, நிறுத்திய பிறகு தாங்கும் எடை மற்றது. ஓடும்போது ஒவ்வொரு பள்ளமும் திருப்பமும் பிரேக்கும் மேலே உள்ள எடையைக் கூரை மீது பல மடங்காகத் தள்ளும். அதனால் பாவனைக் கையேட்டில் போட்டிருக்கும் எண் சிறியதாக இருக்கும். பல வண்டிகளில் 50 முதல் 80 கிலோவுக்குள்தான். நிறுத்திய வண்டியின் தூண்கள் அதைப்போலப் பல மடங்கு தாங்கும் என்பதால், படுப்பவர்களின் எடை பெரும்பாலும் சிக்கலாவதில்லை. சிக்கல் மூடிய கூடாரத்தோடு ஓடும்போதுதான்.

இங்கே பலரும் பிழை விடுவது கூட்டலில். ஓடும் சுமையில் கூடாரத்தோடு குறுக்குச் சட்டங்களும் ரேக்கும் சேரும். விளம்பரத்தில் உள்ள எடையில் 6 முதல் 8 கிலோ வரும் ஏணியைச் சேர்த்தார்களா என்று கேட்க வேண்டும். மழையில் நனைந்து மடித்த கன்வஸ் 5 கிலோவுக்குக் குறையாமல் கூடும். இரண்டு பேர் படுக்கும் 140 செ.மீ. மடிப்புக் கூடாரம் 50 முதல் 55 கிலோ, 190 செ.மீ. என்றால் 70 கிலோவைத் தாண்டும். கடின மூடியுள்ள பெரியவை 90 கிலோவைத் தொடும். கெப்பின் கூரையோ கட்டை. குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் குறைந்தது 80 செ.மீ. இருக்க வேண்டும், அதற்கே அங்கே இடம் மட்டுமட்டு. கூரைத் தெரிவு இதோடு முடிந்தது.

கேடிஎச் வான் (டொயோட்டா ஹைஏஸ்) உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் கூரை ஓரத்தில் ஓடும் மழைநீர்ப் பீலியில் பிடிக்கும் கால்கள் கிடைக்கும். மூன்று சோடி போட்டால் சுமை நன்றாகப் பரவும். ஆனால் சாதாரணக் கூரையுள்ள வானே ஏறக்குறைய 1.98 மீற்றர் உயரம். அதற்கு மேல் சட்டம் வந்தால் கூடாரத்தின் தளம் 2.08 மீற்றருக்குப் போகும். 75 பாகை சரிவில் ஏணி வைக்க 2.15 மீற்றர் நீளம் வேண்டும், கூடாரத்தோடு வரும் ஏணிகள் பல 2.1 மீற்றரில் நின்றுவிடும். நீட்டுத் துண்டு கிடைக்குமா என்று பார்க்காமல் வானுக்கு வாங்க வேண்டாம்.

பின்பெட்டி ரேக்

பின்பெட்டிக்கு மேல் பூட்டினால் எடை கூரைக்குப் போகாமல் செஸிக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும், உயரமும் குறையும். பெட்டியின் விளிம்பு நிலத்தில் இருந்து ஏறக்குறைய 1.3 மீற்றர். அதற்கு மேல் 45 செ.மீ. ரேக் வைத்ததில் கூடாரத்தின் தளம் 1.75 மீற்றரில் வந்தது. மூடிய கூடாரம் 30 செ.மீ. பருமன் என்பதால் அதன் அடிப்பகுதி கெப்பின் முதுகுக்குப் பின்னால் மறைந்து, கூரைக்கு மேலே துருத்துவது ஒரு சாணுக்கு மேல் கொஞ்சம்தான். எரிபொருளுக்கும் நல்லது, பக்கக் காற்றுக்கும் நல்லது.

ரேக்கை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடிக்கலாம். 40க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 2 மி.மீ., மொத்த எடை 45 கிலோ அளவில் வரும். கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, குறுக்காகச் சாய்ந்த தாங்குகம்பி. நான்கு நெட்டுக்கம்பிகளும் இரண்டு குறுக்குச் சட்டங்களும் மட்டும் வைத்து அடித்தால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மேலே உள்ள கூடாரத்தின் 64 கிலோவும் முன்னால் தள்ளும். நெட்டுக்கம்பியின் அடியில்தான் வெல்டிங் வெடிக்கும். முதலில் பெயின்டில் மயிரளவு கீறல் தெரியும், அதற்குள் துரு ஊறும், அதன் பிறகு கம்பி ஆடும். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்வுக்கம்பி போட்டு, மூலைகளில் முக்கோணத் தகடு வைத்தால் இது வராது.

இரண்டாவது, பெட்டியின் தகடு மெல்லியது. போல்ட்டை வெறும் தகட்டில் இறுக்கினால் துளை அகலும். கீழ்ப்பக்கம் 100க்கு 100 மி.மீ. அளவில் 5 மி.மீ. தகடு வைத்து, எம் 10 (10 மி.மீ. விட்டம்) போல்ட் ஆறு போட்டார்கள்.

மூன்றாவதைப் பட்டறைக்காரர் பலர் மறந்துவிடுவார்கள். கெப்பின் ஆட்கள் இருக்கும் முன்பகுதியும் பின்பெட்டியும் செஸி மீது தனித்தனியாக உட்கார்ந்திருப்பவை, பள்ளத்தில் அவை வெவ்வேறு விதமாக முறுகும். ரேக்கின் ஒரு காலைப் பெட்டியிலும் மறுகாலைக் கெப்பின் கூரையிலும் பிடித்தால், பாணமை மண்பாதை மாதிரி ஒரு பாதை போதும், ஏதாவது ஒன்று கிழியும். கூடாரத்துக்கும் கெப்பின் முதுகுக்கும் இடையில் 5 முதல் 8 செ.மீ. வெளி விட வேண்டும்.

அந்த வெளிதான் அகலத்தையும் தீர்மானித்தது. டபுள் கெப்பின் பெட்டி ஏறக்குறைய 1.5 மீற்றர் நீளம். பக்கமாகத் திறக்கும் கூடாரத்தின் படுக்கை அகலம் வண்டியின் நீளவாட்டில் கிடக்கும். 190 செ.மீ. கூடாரம் பின்கதவைத் தாண்டி 40 செ.மீ.க்கு மேல் தொங்கும். 160 என்றால் 15 செ.மீ. அளவுதான், பின்கதவைத் திறக்கலாம், அதன் மேல் சமையலும் செய்யலாம்.

ரேக் பூட்ட முன்னர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் எடுத்து வண்டியில் வைத்திருப்பது நல்லது.

மொத்தச் சுமையையும் ஒருதரம் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆட்கள் 243 கிலோ, கூடாரமும் கீழ் அறையும் 72, ரேக் 45, தண்ணீர் 60 லீற்றர் என்பதால் 60, சமையல் சாமானும் காஸும் 25, உடுப்பும் போர்வையும் 50, திருத்தக் கருவிகளும் உதிரிகளும் 30, மடிப்புக் கட்டில் இரண்டு 14. ஆக 539 கிலோ. டபுள் கெப்புக்கு இது அடங்கும். இதே பட்டியலைச் சிறிய ஜீப்புக்குப் போட்டால் பின் ஸ்பிரிங் படிந்துவிடும். ரயர் காற்றைச் சுமைக்குரிய அளவுக்கு ஏற்ற மறக்கக் கூடாது. அந்த எண் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

யார் மேலே, யார் கீழே

விற்பவர் சொல்லும் “நாலு பேர்” என்பது 190 செ.மீ. அகலத்தில் ஆளுக்கு 47 செ.மீ. இங்கத்தைய வெக்கையில், தோளோடு தோள் ஒட்டி, அதுவும் பல இரவுகள் தொடர்ந்து படுக்க முடியாது. 160 செ.மீ.யில் அம்மாவுக்கு 60, பிள்ளைகளுக்குத் தலா 50. இது வசதி.

அம்மம்மாவின் முழங்கால் ஏணிக்கு ஒத்துவராது. வயதானவர்கள் ஒருதரம் ஏறிவிடுவார்கள். இரவில் இரண்டு தடவை சிறுநீருக்கு இறங்கி, தூக்கக் கலக்கத்தில் திரும்ப ஏறுவதுதான் ஆபத்து. இதற்குத் தீர்வு கீழ் அறை: விரிந்த தளத்தின் அடியில் சிப் போட்டு மாட்டும் துணி அறை. இவர்கள் எடுத்ததன் தரை 2 மீற்றருக்கு 2 மீற்றர். 65 செ.மீ. அகலக் கட்டில்களை இரு ஓரமும் போட, நடுவில் ஏணிக்கும் நடைக்கும் 70 செ.மீ. மிஞ்சும். ஒரு கட்டிலில் அம்மம்மா, மற்றதில் அப்பா. தரைவிரிப்பு சுவரோடு சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும். தனியாக விரிக்கும் படங்கு என்றால் இடுக்கால் பாம்பும் தேளும் நுழையும்.

அளவில் ஒரு சிக்கல் வந்தது. கீழ் அறைகள் குறிப்பிட்ட ஒரு தள உயரத்துக்கு வெட்டித் தைக்கப்பட்டவை. இது 2 மீற்றருக்கானது, இவர்களுடைய தளமோ 1.75இல். மீதி 25 செ.மீ. துணி நிலத்தில் சுருண்டு கிடந்தால் மழைநீர் அதில் தேங்கி உள்ளே ஊறும். வண்டிச் சீட் தைக்கும் குஷன் கடையில் கொடுத்து, சுவரின் இடுப்பளவில் 22 செ.மீ. மடித்து இரட்டைத் தையல் போட்டு, தையலுக்கு உள்ளால் சீம் சீலர் (தையல் துளைகளை அடைக்கும் பசை) பூசி எடுத்தார்கள். விளிம்பை வெட்டி எறியாமல் மடித்ததால், பிறகு வேறு வண்டிக்கு மாற்றினாலும் பிரித்து நீட்டலாம்.

கடின மூடிக் கூடாரத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. தம்பதி மட்டும், ஒவ்வொரு இரவும் வேறு ஊர் என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வோம். ஒரு பக்கம் மட்டும் உயரும் வகையில் கால்மாட்டில் உயரம் போதாது, விரிந்து வெளியே நீளும் தளம் இல்லாததால் கீழ் அறை மாட்ட இடமும் இல்லை. அதுதான் இங்கே அதை விலக்கியது.

திறக்கும் பக்கம் இடது. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஓரமாக நிறுத்தினால் இடது பக்கம்தான் வெளியைப் பார்க்கும். வலது பக்கம் திறந்தால் பிள்ளை ஏணியால் இறங்குவது வீதிக்கு.

துணி

வெக்கைக்கும் குளிருக்கும் பொதுவாக நின்றுபிடிப்பது பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த கன்வஸ், சதுர மீற்றருக்கு 280 கிராம் அளவில். அது ஈரத்தை வெளியே விடும். மூச்சு விடாத வெறும் பொலியெஸ்டர் சுவரில் நுவரெலியாக் குளிரில் மூன்று பேரின் மூச்சே காலையில் சொட்டும். மேல்விரிப்பு 420 டி (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) பொலியெஸ்டர், நீர்த்தாங்கு அளவு (ஒழுகாமல் தாங்கும் தண்ணீரின் உயரம்) 2000 மி.மீ.க்குக் குறையாமல். மேல்விரிப்புக்கும் கூடாரக் கூரைக்கும் இடையில் நாலு விரலாவது வெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் நேரே உள்ளே இறங்கும். யன்னல்கள் எதிரெதிரே இருக்கின்றனவா, வலை நுளம்பு நுழையாத நெருக்கமா என்பதைக் கடையில் விரித்தே பார்க்க வேண்டும். டெங்கு உள்ள நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

புதுக் கன்வஸைப் பயணத்துக்கு முன் பழக்க வேண்டும். முற்றத்தில் விரித்து, குழாயால் நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிட்டு, மீண்டும் ஒருதரம் நனைக்க வேண்டும். நூல் ஊதி ஊசித்துளைகள் அடைபடும். முதல் நனைப்பில் தையலால் துளித்துளியாக ஒழுகுவது பழுது அல்ல. இரண்டாவதிலும் ஒழுகினால் அந்தத் தையலுக்குச் சீலர்.

மெத்தை 6 செ.மீ. அதன் அடியில் 1 செ.மீ. பருமனான வலைப்பாய் போட்டார்கள். இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. உடல் சூட்டின் ஈரம் மெத்தையால் இறங்கிக் குளிர்ந்த தளத்தில் தண்ணீராகும். காற்று ஓட இடமில்லாவிட்டால், கிழக்கின் ஈரப்பதத்தில் சில நாட்களிலேயே மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். அது போகாது.

முற்றத்துச் சோதனை

பயணத்துக்கு முதல் வாரம் வீட்டு முற்றத்தில் ஓர் இரவு படுத்துப் பார்த்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மெத்தை ஏணிப் பக்கமாகச் சரியத் தொடங்கியது. காரணம் முற்றத்து மணல். மடிப்புக் கூடாரத்தில் ஏணி ஏறுவதற்கு மட்டுமல்ல, வெளியே விரிந்த பாதித் தளத்தையும் அதுதான் தாங்குகிறது. ஏணியின் குழாய்க்கால் மணலில் கைவிரல் நீளம் இறங்கியிருந்தது. அப்படியே சில இரவுகள் விட்டால் தளத்தின் நடுவிலுள்ள பிணைச்சல் வளையும், வளைந்த பிணைச்சலோடு கூடாரம் மட்டமாக மூடாது. கால் ஒவ்வொன்றுக்கும் 30க்கு 30 செ.மீ. பலகை, 18 மி.மீ. பிளைவுட், நடுவில் கால் பொருந்தக் குழி. பாசிக்குடாவில் இருந்து மன்னார் வரை கடற்கரை மணலில் இது இல்லாமல் விரிக்கவே கூடாது. ஆட்கள் ஏறிய பின் ஸ்பிரிங் படியும் என்பதால், எல்லாரும் படுத்த பிறகு ஏணியை ஒரு துளை மாற்ற வேண்டி வரலாம்.

போல்ட், உப்பு, காற்று

கூடாரத்தின் அடிச் சட்டத்தை ரேக்கில் பிடிப்பது எம் 8 போல்ட்டுகள், 13 மி.மீ. ஸ்பானர். நைலோன் வளையமுள்ள நட்டுகளைத்தான் போட வேண்டும், கழற்றினால் புதிது. துருப்பிடியா எஃகுப் போல்ட்டில் கிறீஸ் தொடாமல், அதுவும் மெஷினால் வேகமாக இறுக்கினால், புரி ஒன்றோடு ஒன்று கடித்து இறுகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையால் இறுக்குங்கள். பூட்டி 50 கிலோமீற்றரில் ஒருதரம், பிறகு ஒவ்வொரு காலையும் புறப்பட முன்னர் ஒருதரம் பாருங்கள். நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிட்டால், கோடு விலகியதைக் கண்ணாலேயே பிடிக்கலாம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊருக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அலுமினியச் சட்டத்தில் எஃகுப் போல்ட் தொடும் இடம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் நைலோன் வாஷரும் கிறீஸும் வேண்டும். சிப் பல்லை நல்ல தண்ணீரால் கழுவி மெழுகு தேய்க்க வேண்டும்.

மன்னாரில் வண்டியின் முகத்தைக் காற்றுக்கு நேரே வைத்து நிறுத்துங்கள். யன்னல் மறைப்புகளைத் தூக்கும் ஸ்பிரிங் கம்பிகளைக் காற்று கூடும் முன்னரே கழற்றி உள்ளே வைக்க வேண்டும். முதலில் தொலைவதும் அந்தக் கம்பிகள்தான், மூன்று உதிரி எடுத்துச் செல்லலாம். நுவரெலியாவில் எவ்வளவு குளிர்ந்தாலும் காஸ் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள்ளும் கீழ் அறைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. கீழ் அறை மாட்டியிருக்கும்போது என்ஜினையும் ஓடவிடக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

யானை நடமாடும் இடங்கள்

கூரைக் கூடாரம் யானையிடம் இருந்து காக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பிழை, பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை நம்பவே கூடாது. வளர்ந்த ஆண் யானையின் தோள் 3 மீற்றரை எட்டும், கூடாரத்தின் தளமோ 1.75இல். துணிக்குள் வாழைப்பழமும் அரிசியும் உப்பும் இருந்தால் தும்பிக்கை அதைத் தேடும். லகுகல, பாணமை, ஒக்கந்தை, இங்கினியாகலைப் பக்கம் வெட்டையிலோ குளக்கட்டிலோ இரவு நிறுத்தக் கூடாது. குமண போன்ற தேசியப் பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்த இடத்தில் மட்டுமே தங்கலாம். இந்தக் குடும்பம் பொத்துவிலைச் சுற்றிய இரவுகளை விடுதியிலும் தெரிந்த வீட்டு வளவிலும் வைத்துக்கொண்டது. சரியான முடிவு.

வீட்டு வளவு என்றாலும் தென்னைக்குக் கீழே விரிக்க வேண்டாம். தேங்காய்க்கும் தென்னம்மட்டைக்கும் கன்வஸ் ஒரு தடையே அல்ல.

திரும்பிய பிறகு

கூடாரம் மூடிய நிலையில் வண்டியின் உயரம் 2.05 மீற்றர். அந்த எண்ணைச் சாரதி பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். கண்டியில் மாடிக் கார் தரிப்பிடத்துக்குள் நுழைய முன்னரும், கோயில் திருவிழாத் தோரணங்களுக்குக் கீழும் அது தேவைப்படும்.

ஈரத்தோடு மடித்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த நாள் விரித்துக் காயவைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு வெயில் முழுதாகக் காட்டி, மெத்தையைத் தனியாக எடுத்து வீட்டுக்குள் நிமிர்த்தி வையுங்கள். மாரிக்கு முன்னர், ஒக்டோபருக்குள், கூடாரத்தை ரேக்கில் இருந்து கழற்றிவிடுவது நல்லது. நான்கு பேர் பிடித்தால் இறங்கும். கராஜில் நிலத்தில் கிடத்தாமல் இரண்டு மரக்குற்றிகளின் மேல் வைத்து, பீவிசி உறையின் ஒரு மூலையைத் திறந்து விட்டு, எலி ஏறாதபடி பாருங்கள். ரேக்கின் வெல்டிங் மூலைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்கவும் அதுவே நேரம்.